போலியோ: சொட்டு மருந்தா, ஊசியா?

போலியோ வைரஸ் மாசடைந்த நீர், கைகள் வழியாக வாய்க்குள் நுழைந்து குடலில் பெருகுகிறது. அங்கிருந்து இரத்தத்தில் கலந்து, சிலருக்கு மட்டும் நரம்பு மண்டலத்தை எட்டிக் கை கால்களை முடக்குகிறது. இந்தப் பாதையில் எங்கே தடை போடுவது என்பதில்தான் சொட்டு மருந்தும் ஊசியும் வேறுபடுகின்றன.

ஜோனஸ் சால்க் உருவாக்கி 1955இல் பயன்பாட்டுக்கு வந்த ஊசியில் செயலிழந்த வைரஸ் இருக்கிறது. அதனால் இரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் உருவாகி, வைரஸ் நரம்பைத் தொடுமுன் அதை மடக்குகின்றன. ஆனால் குடலில் காவல் குறைவு. ஊசி போட்ட குழந்தை நோயுறாமலேயே வைரஸை மலத்தில் வெளியேற்றிப் பிறருக்குப் பரப்பக்கூடும்.

ஆல்பர்ட் சேபினின் சொட்டு மருந்தில் இருப்பது வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ். அது குடலிலேயே பெருகுவதால் குடலின் சளிப்படலத்திலும் எதிர்ப்பொருள்கள் சுரக்கின்றன. பரவலை அறுப்பதில் இதுவே வலிமையானது; கொடுப்பதும் எளிது. முக்கியக் கவலை ஒன்று உண்டு: தடுப்பு மருந்து பெறாதோர் மிகுந்த இடங்களில் அந்த வைரஸ் நீண்ட காலம் பரவி, அரிதாக, இழந்த வீரியத்தை மீண்டும் பெற்றுவிடுகிறது. போலியோ வைரஸின் மூன்று வகைகளில் 2ஆம் வகை, 2016இல் சொட்டு மருந்திலிருந்து நீக்கப்பட்டதற்கு இந்த ஆபத்தும் காரணம்.

நோய் பரவும் பகுதியில் சொட்டு மருந்தைத் தவிர்ப்பது தவறு என்பேன். கூடவே ஊசியும் வேண்டும். நோய் ஒழிந்து, எல்லாக் குழந்தைகளுக்கும் தடுப்பு மருந்து சென்றடையும் இடத்தில் ஊசி போதும்.