உறுமலும் புல்லாங்குழலும்: ஓப்பெத்தின் 14ஆவது அல்பம்

வவுனியாவில் பஸ் ஏறினால் மாங்குளம் வருவதற்குள் ஒருமுறை முழுதாகக் கேட்டு முடித்துவிடலாம், நான் கிளிநொச்சியில் இறங்கும்போது இரண்டாம் சுற்றில் இருந்தேன்.

சுவீடன் மெட்டல் இசைக்குழுவான ஓப்பெத் 2024 நவம்பரில் வெளியிட்ட 'தி லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்' பற்றித்தான் சொல்கிறேன். 2008க்குப் பிறகு நாலு அல்பங்களில் குழுவின் பாடகர் மிக்கேல் ஓகர்ஃபெல்ட் அந்த அடித்தொண்டை உறுமலைத் தொடவே இல்லை. இதில் அது திரும்பி வந்திருக்கிறது, ஆனால் பழைய இடத்துக்குப் போகவில்லை. வயலின்கள், ஹார்ப் என்ற மேல்நாட்டு யாழ், ஜெத்ரோ டல் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் இயன் அண்டர்சனுடைய புல்லாங்குழல் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது. நாலாவது பாட்டைக் கேளுங்கள். கனத்த கிட்டார் சட்டென்று அடங்க, ஹார்ப் தனியே சொட்ட, அதன் மேல் குழல் மூச்சிரைத்து ஏறும், அப்புறம் ட்ரம்ஸ் வந்து விழும். அந்த இடத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

கதை முதலாம் உலகப் போருக்குப் பிந்தியது, ஒரு பணக்காரத் தகப்பனின் மரணசாதனத்தை வாசிக்கிறார்கள். ஏழு பாட்டுக்குப் பெயரே இல்லை, சாதனத்தில் வருவதுபோலப் பத்தி எண்தான். காணி உறுதியைப் பெட்டியில் பூட்டி வைத்துக் காக்கும் எங்கள் ஊர் ஆட்களுக்கு இந்தக் கதை உடனே பிடிபடும்.

ஒரு குறை, குழல் வாசித்த அண்டர்சனே இடையிடையே பேசும் பேச்சு சில இடங்களில் இசையை மறிக்கிறது. மற்றபடி நல்ல ஹெட்போன் போட்டு, வரிசை மாற்றாமல் கேளுங்கள்.