நீலப் புகை விடும் என்று தெரிந்தே வாங்கிய பெட்ரோல் கார்: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

நான் வாங்கியது 2012-இல் சென்னையில் பதிவான, 1.2 லிட்டர் பெட்ரோல் என்ஜின் கொண்ட ஒரு சிறிய கார். காலையில் முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது சைலன்சரில் நீலப் புகை வரும் என்பதையும், அடுத்த சர்வீஸ் வருவதற்குள் ஆயில் ஊற்ற வேண்டியிருக்கும் என்பதையும் விற்றவரே முதலில் சொல்லிவிட்டார். ஆனால் புகை என்பது குறையின் அடையாளம்தானே தவிர குறையன்று. நீலப் புகை என்றால் என்ஜினுக்குள் ஆயில் எரிகிறது என்று பொருள். ஆயில் உள்ளே கசியாமல் தடுக்கும் வால்வ் சீல் காரணமானால் சில ஆயிரம் ரூபாயில் வேலை முடிந்துவிடும். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே உள்ள இடைவெளியை அடைக்கும் பிஸ்டன் ரிங் காரணமானால் என்ஜினை இறக்கிப் பிரித்து, சிலிண்டர்களின் தேய்மானத்தை அளந்து, தேவைப்பட்டால் லேத்துக்கும் அனுப்ப வேண்டியிருக்கும். அந்தச் செலவு, இந்த வயதுடைய காரின் விலையில் பெரும்பங்கைத் தின்றுவிடும். எனவே காரணம் உறுதியாகும் வரை விலை பேசுவதில்லை என்று விற்றவரிடம் சொன்னேன், அவரும் சம்மதித்தார்.

சேலத்தில் வசிப்பவர்களுக்கு இத்தகைய சோதனைக்கென்றே அமைந்ததுபோல 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட ஏற்காடு மலைப்பாதை இருக்கிறது. என்னுடன் வந்த மெக்கானிக் புறப்படும் முன்பே, "ஏத்தத்துல புகைஞ்சா ரிங்குங்க, இறங்கி முடிச்சு மிதிக்கறப்ப புகைஞ்சா சீலுங்க" என்று சொல்லிவிட்டு, தம் பைக்கில் காரின் பின்னாலேயே வந்தார். அவர் சொன்னதற்குக் காரணம் உண்டு. வால்வ் தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் பல ஆண்டு வெப்பத்தில் இறுகி நெகிழ்வை இழந்துவிட்டால், கியரில் இறங்கும்போது காற்று உள்ளே வரும் இன்டேக் பகுதியில் உண்டாகும் கூடுதலான வெற்றிடம், என்ஜினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டில் இருக்கும் ஆயிலை வால்வ் கைடு வழியாக உள்ளே இழுத்துக்கொள்ளும். இரவில் வண்டி நிற்கும்போதும் அதே வழியாக ஆயில் சிறிது சிறிதாகக் கசிந்து இறங்குவதால்தான் காலைப் புகை வருகிறது. ரிங் தேய்ந்த என்ஜினோ பாரத்தை இழுக்கும்போது தொடர்ந்து புகைக்கும். ஓடும் என்ஜினில் ஆயில் மூடியைத் திறந்தால் அங்கே காற்று பலமாக ஊதுவதும் தெரியும். எங்கள் வண்டி ஏறும்போது சுத்தமாக ஏறியது. அடிவாரத்துக்கு இறங்கி ஆக்சிலரேட்டரை மிதித்தபோதுதான் ஒரு முறை நீலமாகப் புகைத்து அடங்கியது.

அதோடு நிறுத்தாமல் பட்டறையில் கம்ப்ரஷனும், அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தமும் பார்த்தோம். நான்கு சிலிண்டர்களும் ஒன்றுக்கொன்று நெருங்கிய அளவையே காட்டின. ஒவ்வொன்றிலும் சிறிது ஆயில் விட்டு மீண்டும் அளந்தபோதும் அளவு குறிப்பிடும்படி உயரவில்லை. ரிங் தேய்ந்திருந்தால் அந்த ஆயில் இடைவெளியை அடைத்து அளவை உயர்த்தியிருக்கும். என்ஜினுக்குள் தேங்கும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வ் அடைத்துக்கொண்டாலும் என்ஜின் ஆயில் குடிக்கும் என்பதால், அதையும் கழற்றிப் பார்த்துவிட்டே சீல்தான் காரணம் என்று மெக்கானிக் முடிவு சொன்னார்.

இத்தகைய வண்டியைப் பார்க்கப் போகிறவர்கள் பேனட்டைத் தொட்டுப் பார்ப்பது நல்லது. சூடேற்றி வைத்த என்ஜினில் காலைப் புகையைப் பார்க்க முடியாது. 5டபிள்யூ-30 என்னும் இளகிய ஆயில் ஊற்ற வேண்டிய என்ஜினில் 20டபிள்யூ-50 என்னும் கெட்டியான ஆயிலை ஊற்றிப் புகையை அடக்கி விற்பதும் புரோக்கர்களிடையே பழைய பழக்கம். கெட்டியான ஆயில் கசிவைக் குறைக்கும் என்பது உண்மைதான்; ஆனால் குளிர்ந்த நிலையில் அது மேல் பாகங்களுக்குச் சென்று சேரத் தாமதமாகும் என்பதால் நான் அந்த வழிக்குப் போகவில்லை. புகையை நிறுத்தும் என்று விற்கப்படும் திரவங்களிலும் எனக்கு நம்பிக்கை இல்லை.

சந்தை விலையிலிருந்து ஏறத்தாழ நாற்பதாயிரம் குறைத்து முடித்தோம். உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 ஆகியவற்றில் கையெழுத்து வாங்கி, இன்சூரன்சையும் 14 நாட்களுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பித்தேன். இழப்பீடு கோராத ஆண்டுகளுக்காக இன்சூரன்ஸ் கட்டணத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளைம் போனஸ் விற்றவருக்கே உரியது, வண்டியோடு வராது என்பதால், அந்த வித்தியாசத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. தேய்மானத்தால் வரும் என்ஜின் கோளாறுக்கு வழக்கமான இன்சூரன்சில் இழப்பீடு கிடையாது.

சீல் மாற்றுவதற்கு ஹெட்டை இறக்கவில்லை. பிளக் துளை வழியாகக் கம்ப்ரஸர் காற்றைச் செலுத்தினால், வால்வ் உள்ளே விழாமல் அந்த அழுத்தத்திலேயே நிற்கும். மேலிருந்து ஸ்பிரிங்கை அழுத்தி, பழைய சீலை எடுத்துப் புதியதைப் பொருத்திவிடலாம். பொறுமை வேண்டிய வேலை இது. கூலியும் பொருளும் சேர்ந்து பத்தாயிரத்துக்குள் அடங்கின. அதன்பின் காலைப் புகை வரவில்லை. முன்பு ஆயில் அளவைக் காட்டும் டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டிலிருந்து கீழ்க்கோட்டுக்கு விரைவில் இறங்கிய ஆயில், இப்போது சர்வீஸ் வரை பாதிக்கு மேலேயே நிற்கிறது.

ஆனால் கதை அங்கேயே முடியவில்லை. ஏறத்தாழ ஓராண்டு ஓடியபின் செக் என்ஜின் விளக்கு எரிந்தது; ஸ்கேனரில் வந்தது பி0420, அதாவது புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் திறன் குறைந்துவிட்டதற்கான குறியீடு. என்ஜின் ஆயிலில் தேய்மானத்தைத் தடுக்கச் சேர்க்கப்படும் துத்தநாகமும் பாஸ்பரசும், ஆயில் எரியும்போது கன்வெர்ட்டருக்குள் சென்று பிளாட்டினம், பல்லேடியம் முதலிய உலோகங்களின் மேல் படிந்து அவற்றைச் செயலிழக்கச் செய்கின்றன. சீல் பழுதாக இருந்த ஆண்டுகளில் நேர்ந்த சேதம் இது. சீலை மாற்றியதால் மீளாது. சென்சார் பழுதா, புகைக்குழாயில் கசிவா என்பதையும் பார்த்து விலக்கியாயிற்று. பெட்ரோல் வாசனையோ இழுவைக் குறைவோ இல்லை, மைலேஜும் மாறவில்லை. மாசுச் சான்றுச் சோதனையில் கார்பன் மோனாக்சைடு இன்னும் 0.3 சதவீத வரம்புக்குள் இருந்தாலும், முன்பைவிட வரம்பை நெருங்கியிருக்கிறது.

ஆகவே ஆயில் குடிக்கும் பெட்ரோல் காருக்கு விலை கேட்பவர்கள் சீலுக்கு மட்டுமல்லாமல், கன்வெர்ட்டருக்கும் சேர்த்தே கழித்துக் கேட்க வேண்டும். பார்க்கும் அன்றே ஸ்கேனரைப் பொருத்தி, குறியீடுகள் அண்மையில் அழிக்கப்பட்டிருக்கின்றனவா என்பதையும் பார்க்கலாம்; அழித்திருந்தால் காரின் கணினி தானே செய்துகொள்ளும் சுயபரிசோதனைகள் பல முடிவடையாத நிலையில் காட்டும். என் வண்டியின் 15 ஆண்டுப் பதிவு 2027-இல் முடிகிறது. புதுப்பிக்க எப்படியும் வண்டியைச் சோதனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்பதால், அதற்கு முன் கன்வெர்ட்டரை மாற்றுவதென்று இருக்கிறேன். விலையில் குறைத்த தொகையில் மீதமிருப்பது அந்தச் செலவில் ஒரு பகுதிக்காவது ஆகும்.