பெயிண்ட் வேலையில் 42,500 ரூபாய் போச்சு, நீங்களாவது உஷாராக இருங்கள்

ஆத்திரத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். குன்னூரில் எங்கள் வீட்டு ஹாலுக்கும் இரண்டு ரூமுக்கும் பெயிண்ட் அடிக்க, வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு மொபைல் ஆப்பில் புக் செய்தேன். மொத்தம் 42,500 ரூபாய். அதில் 30,000 முன்பணம்.

வந்த மேஸ்திரி சுவரைத் தட்டிப் பார்த்தார், ஜன்னலோரம் ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். "அக்கா, இந்தப் பனியில 20 வருஷமா அடிக்கிறேன். சுவர் கண்ணாடி மாதிரி வரும்" என்றார். அம்மா டீயும் வர்க்கியும் கொடுத்து, வீட்டுப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டாள்.

ஐப்பசி மழை, வெளியே பனிமூட்டம். காலையில் ஒரு பையன் பிரஷ்ஷால் ஓரங்களை மட்டும் அடித்து வைத்தான். சுவரின் நடுவில் ரோலர் ஓட்ட வந்தது மதியத்துக்கு மேல்தான், அதற்குள் ஓரம் காய்ந்துவிட்டது. பெரிய சுவரில் பாதி ஓட்டிவிட்டுச் சாப்பிடப் போய், ஒரு மணி நேரம் கழித்து விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள். பெயிண்ட் தீர்ந்த ரோலரை அழுத்தி அழுத்தித் தேய்த்தார்கள். எல்லாவற்றையும் பக்கத்திலேயே நின்று பார்த்தேன், தப்பு என்று தெரியவில்லை.

மாலை ஆறு மணி. "பில் முடிச்சாத்தான் ஆப்புல எனக்குக் காசு வரும்கா, பாப்பாவுக்கு ஃபீஸ் கட்டணும்" என்றார் மேஸ்திரி. பல்பு வெளிச்சத்தில் சுவர் நன்றாகத்தான் இருந்தது. மீதி 12,500-ஐயும் அனுப்பி, ஐந்து ஸ்டாரும் போட்டேன்.

மறுநாள் காலை ஜன்னல் வழியாக வெயில் சாய்வாக விழுந்தது. சுவர் முழுக்க மேலிருந்து கீழாக இரட்டை இரட்டையாகக் கோடு, தண்டவாளம் போட்ட மாதிரி. சாப்பிடப் போன இடத்தில் ஒரு பட்டை. சுற்றிலும் ஓரம் மட்டும் சட்டம் போட்டதுபோல் வேறு நிறம். அம்மா ஒன்றும் பேசவில்லை, அதுதான் தாங்கவில்லை.

மேஸ்திரியைக் கேட்டால், "காய்ஞ்சா மறைஞ்சிடும்கா" என்றார். மூன்று நாள் கழித்து "உங்க ஊர் பனிக்கு நான் என்ன பண்றது?" இதே பனியில் 20 வருஷம் அடித்ததாகச் சொன்னவர்தானே! அப்புறம் போனே எடுக்கவில்லை. கஸ்டமர் கேரில் போட்டோ கேட்டார்கள், ஒன்பது அனுப்பினேன். "போட்டோவில் தெளிவாகத் தெரியவில்லை" என்றார் ஒருவர். "ஐந்து ஸ்டார் கொடுத்திருக்கிறீர்களே மேடம்" என்று புகாரையே மூடிவிட்டார் இன்னொருவர். 42,500 ரூபாய், சும்மா வந்த காசில்லை.

பக்கத்துத் தெரு பெயிண்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். நன்றாகக் காயவிட்டு, 220 நம்பர் உப்புத்தாளால் மேடுகளைத் தேய்த்து, தூசியைத் துடைத்து, சுவர் முழுக்க மறுபடி அடிக்க வேண்டுமாம். கோட்டின் மேல் மட்டும் டச்சப் செய்தால் அது தனித் திட்டாகத் தெரியுமாம். அதற்கு இன்னும் 14,000.

எப்படித் தவிர்ப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. ஓரமும் நடுவும் ஈரம் காய்வதற்குள் சேர வேண்டும். ஒரு சுவரைத் தொட்டால் முடித்துவிட்டுத்தான் சாப்பாடு. ரோலரை அழுத்த விடாதீர்கள். டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பார்க்காமல் மீதிப் பணம் கொடுக்காதீர்கள், ஸ்டாரும் போடாதீர்கள்.