பிபிசி மைக்ரோ வாங்குகிறீர்களா? பவர் சப்ளையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்

பழைய கம்ப்யூட்டர் சேகரிப்பவர்கள், குறிப்பாக ஏகார்ன் நிறுவனத்தின் பிபிசி மைக்ரோ தேடுகிறவர்கள், பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

1981-இல் பிரிட்டனில் வெளிவந்த மெஷின் இது. பள்ளிகளில் கம்ப்யூட்டர் கற்பிக்க 1984-இல் மத்திய அரசு தொடங்கிய கிளாஸ் திட்டம் வழியாக நம் நாட்டுப் பள்ளிகளுக்கும் வந்தது. நான் முதன்முதலில் பேசிக் மொழியில் புரோகிராம் எழுதியது அதில்தான். அந்தச் சிவப்பு ஃபங்ஷன் கீகளைப் பார்த்தாலே இன்றும் கை பரபரக்கும். பிபிசி மைக்ரோவின் மாடல் பி ஒன்று விற்பனைக்கு வந்ததும் விசாரித்தேன். "ஃபுல் சர்வீஸ் பண்ணது சார், பவர் சப்ளை கெபாசிட்டர் எல்லாம் புதுசு" என்றார் விற்றவர். கெபாசிட்டர் என்பது மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் சிறு பாகம். அந்த வேலைக்கென்று தனியாகக் காசு வாங்கிக்கொண்டு, மாற்றியதாக ஒரு படமும் அனுப்பினார்.

மெஷின் வந்தது. சுவிட்சைப் போட்டதும் பீப் சத்தம், திரையில் 'பிபிசி கம்ப்யூட்டர் 32கே'. கொஞ்ச நேரத்தில் உள்ளே படபடவென்று வெடித்து, இடப்பக்கத்திலிருந்து வெள்ளைப் புகை. அந்த நாற்றம் அறையை விட்டுப் போகவே ரொம்ப நாளாயிற்று.

திறந்து பார்த்தால், மெயின்ஸ் உள்ளே வரும் இடத்தில் அதே பழைய ரிஃபா கம்பெனி கெபாசிட்டர். தேன் நிறத்தில் உள்ளே தெரிகிற மாதிரி அதன் உறை இருக்கும். வருஷம் ஆக ஆக உறை முழுக்க மயிரிழையாக வெடிப்பு விட்டு, ஈரம் உள்ளிருக்கும் காகிதத்தில் இறங்கிவிடும். அப்புறம் மின்சாரம் பாய்ந்தால் புகைதான். பிபிசி மைக்ரோவில் இது ஊரறிந்த கோளாறு. சர்வீஸ் செய்கிறவர் முதலில் கை வைக்க வேண்டிய இடமே அதுதான். என் போர்டில் பழைய தூசுகூடக் கலையவில்லை. அவர் அனுப்பிய படத்தில் போர்டின் ஓரத்தில் ஒரு கருகல் கறை இருந்தது. என் போர்டின் அந்த ஓரம் சுத்தமாக இருந்தது. அது வேறு மெஷினின் படம்.

போனில் கேட்டதற்கு, "நாற்பது வருஷப் பொருள் சார், அப்படித்தான் இருக்கும்" என்று வைத்துவிட்டார். மறுபடி எடுக்கவே இல்லை. பழைய பொருள் பழுதாகும், அதில் எனக்கு வருத்தமில்லை. செய்யாத வேலைக்குக் காசு வாங்கியதும், தீப்பிடிக்கக்கூடிய ஒன்றைப் பத்திரமானது என்று சொல்லி அனுப்பியதும்தான் அயோக்கியத்தனம்.

மெஷினின் அடியிலுள்ள சீரியல் நம்பரும் திறந்த பவர் சப்ளையும் ஒரே வீடியோவில், இடையில் நிறுத்தாமல் காட்டச் சொல்லுங்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால், ஆன் செய்யும் முன், மெயின்ஸ் மின்சாரத்துக்கென்றே செய்யப்படும் எக்ஸ்2 வகை கெபாசிட்டராக மாற்றிவிடுங்கள். செலவு சொற்பம், ஆனால் சாதாரண கெபாசிட்டர் அங்கே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால், பழக்கமில்லாதவர்கள் நல்ல டிவி மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

என் மெஷினைச் சரிசெய்துவிட்டேன். பணம் திரும்பவில்லை. அவர் அதே கறை படிந்த படத்தைக் காட்டி இன்னொரு மாடல் பி விற்றுக்கொண்டிருக்கிறார்.