செட்டிநாட்டு வீட்டுக்கு இரட்டைக் குழல் துப்பாக்கி: ஒரு மதிப்புரை

முகப்பு, பட்டாலை (முன்கூடம்), வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய அறைகளும்), இரண்டாம் கட்டு, அடுப்படி என்று தெருவிலிருந்து பின்தெரு வரை நீளும் வீட்டில் எழுபதைத் தாண்டிய இருவர் மட்டும் இருப்பதும், பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பதும் இன்று செட்டிநாட்டில் எந்த ஊரிலும் காணக்கூடிய நிலைதான். பர்மாத் தேக்கு நிலைக்கும் கதவுக்கும் பித்தளைப் பாத்திரத்துக்கும் பழைய பொருள் சந்தையில் நல்ல விலை இருப்பதால், இப்படிப்பட்ட வீடுகளின் மீது கண் வைப்பவர்கள் இருக்கிறார்கள். கொல்லைக் கதவு உடைபடும் சத்தம் கேட்டதிலிருந்து காவல் நிலையத்து ஆள் வந்து சேரும் வரையிலான நேரத்தை எப்படிக் கடப்பது என்பதே என் கவலையாக இருந்தது. அந்த நேரத்துக்கென்று நான் வாங்கிய, இந்தியத் தயாரிப்பான 12 போர் (bore, குழலின் உள்விட்ட அளவு) இரட்டைக் குழல் துப்பாக்கியையும் அதற்கான தோட்டாக்களையும் வாங்கிய கடையையும் பற்றியது இம்மதிப்புரை. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துப்பாக்கி நம் வீடுகளுக்குப் பொருத்தமானது. தோட்டா ஒரு பெட்டிக்கு மேல் தேவையில்லை. உரிமம் பெற்றவர் வீட்டில் இல்லாத நாளில் இவ்விரண்டையும் கணக்கில் சேர்க்கவே கூடாது.

நம் பகுதியில் தற்காப்புக்கென்று உரிமம் பெறுபவர் நடைமுறையில் .32 ரிவால்வர் அல்லது பிஸ்டல், .315 ரைபிள், 12 போர் துப்பாக்கி ஆகியவற்றுக்குள்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது, 9 மி.மீ., .303 போன்றவை பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட வகையைச் சேர்ந்தவை. கைக்கு அடக்கமானது என்பதால் பலரும் முதலில் ரிவால்வரைத்தான் நினைக்கிறார்கள். கான்பூரில் தயாராகி 2014-இல் வெளிவந்த நிர்பீக் ரிவால்வரின் எடை அரைக் கிலோதான். ஆனால் அதன் விலை அப்போதே ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாயைத் தாண்டியிருந்தது. விலையைவிடப் பெரிய தடை பழக்கம். குட்டைக் குழலை வைத்துக்கொண்டு, அரையிருட்டில், தூக்கம் கலையாத கண்ணோடு பட்டாலையின் மறுகோடியில் நிற்பவரைக் குறிபார்க்க இடைவிடாத பயிற்சி வேண்டும். வயதானவர்களிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமன்று. .315 ரைபிளை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. அதன் குண்டு ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் ஆளைக் கொல்லும் என்பதால், சமதரையில் வீடுகள் ஒட்டி நிற்கும் ஊரில் அதற்கு வேலையில்லை. கைப்பிடியை முன்னும் பின்னும் இழுத்துத் தோட்டா ஏற்றும் பம்ப் துப்பாக்கியும் நல்ல கருவிதான். ஆனால் பதற்றத்தில் கைப்பிடியை முழுதாகப் பின்னிழுக்காமல் பாதியில் தள்ளிவிட்டால் தோட்டா சிக்கிக்கொள்ளும். இரட்டைக் குழலில் அந்தச் சிக்கல் எழவே வழியில்லை. மடக்கித் திறந்தால் இரண்டு தோட்டாவும் கண்ணுக்கு நேரே தெரிகின்றன; காலியா, நிரப்பியதா என்ற ஐயம் எவருக்கும் வராது. வீட்டில் வைத்துக்கொள்ளும் ஆயுதத்துக்கு இதைவிட முக்கியமான குணம் வேறில்லை என்பது என் கருத்து.

நான் வாங்கியது ஏறத்தாழ மூன்று கிலோ எடையுள்ளது. இரண்டு விசைகளில் முன்னது வலக்குழலையும் பின்னது இடக்குழலையும் வெடிக்கச் செய்கிறது. குழலை மடக்கும்போதெல்லாம் பாதுகாப்புத் தாழ் தானாகவே பின்னால் வந்து விழுந்துவிடுவது பாராட்டத்தக்க அமைப்பு. தாழ் புதிதில் மிகவும் இறுக்கமாக இருந்தது. கட்டை விரலுக்கு வலுவில்லாத முதியவர் ஒருவர் இருட்டில் அதைத் தள்ளியிருக்க முடியாது. எண்ணெய் இட்டுப் பழக்கிய பின்புதான் தளர்ந்தது. தோள்கட்டையின் மரம் சுமாரானது, மெருகும் சீராக இல்லை. ஆனால் குழல்களை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் உட்புறம் கண்ணாடிபோல் ஒரே சீராக மின்னுகிறது. பூட்டிய பின் குழலுக்கும் பின்தகட்டுக்கும் நடுவே ஒளி ஊடுருவுவதில்லை. துப்பாக்கியைக் குலுக்கினால் ஆட்டம் இல்லை. வாங்குபவர் பார்க்க வேண்டியவை இவைதாம். அழகுக்கென்று பணம் கொடுக்க வேண்டியதில்லை.

புதிது எதற்கு, ஐயா காலத்துத் துப்பாக்கியே பெட்டகத்தில் இருக்கிறதே என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் உள்ள பழைய ஆங்கிலேய, பெல்ஜியத் துப்பாக்கிகளில் பலவற்றின் தோட்டா அறை 65 மி.மீ. நீளமுள்ள தோட்டாவுக்கென்று அமைந்தது. இன்று பரவலாக விற்கப்படும் 70 மி.மீ. தோட்டாவும் அதற்குள் தடையில்லாமல் போய்விடும். துப்பாக்கியும் ஒழுங்காகப் பூட்டிக்கொள்ளும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. தோட்டாவின் மடிந்த வாய், வெடிக்கும்போது விரிவதற்கு இடமில்லாமல் குழலின் குறுகலுக்குள் திறப்பதால் அழுத்தம் அளவுக்கு மீறி ஏறுகிறது. குழலின் மேல் தண்ணீர் அலைபோலக் கோடுகள் ஓடும் டமாஸ்கஸ் குழல்கள் கரும்பொடி வெடிமருந்துக் காலத்தவை. அவற்றில் இன்றைய புகையில்லா மருந்துத் தோட்டாவை இடவே கூடாது. 20 போர் தோட்டா ஒன்று தவறுதலாக 12 போர் குழலில் விழுந்தால் முன்னே சென்று சிக்கி நிற்கும். அது தெரியாமல் பின்னால் 12 போர் தோட்டாவை இட்டுச் சுட்டால் குழலே வெடிக்கும். இரண்டு அளவுத் தோட்டாக்கள் ஒரே வீட்டில் இருக்கலாகாது. பழைய துப்பாக்கியை வைத்துக்கொள்ள விரும்புபவர்கள் குழலின் அடியில் உள்ள சோதனை முத்திரைகளை விவரம் தெரிந்த துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டிய பின்பே தோட்டா வாங்க வேண்டும்.

தோட்டாவுக்கு வருகிறேன். நான் வைத்திருப்பது பிளாஸ்டிக் கூடுள்ள, சிறு ரவைகள் (ஈயக் குண்டுகள்) நிறைந்த 4-ஆம் எண் தோட்டா. கடைக்காரர் பெரிய ரவைகள் கொண்ட எல்.ஜி. வகையைத்தான் முன்னே எடுத்து வைத்தார். தற்காப்பு என்றாலே பெரிய ரவை என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. நம் வீட்டின் அமைப்பை நினைத்துப் பார்த்தால் அது தவறு என்று விளங்கும். பட்டாலையில் கருங்கல் தூண், வளவில் இரும்புத் தூண், தரையில் ஆத்தங்குடிக் கல். பெரிய ரவை இவற்றில் எதில் பட்டாலும் தெறித்து எங்கே போகும் என்று சொல்ல முடியாது. அறைக் கதவு தேக்கேயானாலும் பலகைதான். அதற்குப் பின்னால் அப்பத்தா படுத்திருக்கக்கூடும். சிறு ரவை தெறித்தாலும் விரைவில் வலுவிழக்கும். பத்து மீட்டருக்குள் அதுவே போதும். அந்தத் தூரத்தில் ரவை ஏறத்தாழ ஒன்றிரண்டு சாண் அகலத்துக்குத்தான் விரிகிறது. எனவே குறிபார்க்காமல் சுட்டாலும் எங்காவது படும் என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் அந்த நம்பிக்கையைக் கைவிடுவது நல்லது.

எவ்வளவு சேர்த்து வைக்கலாம் என்று உறவினர்கள் கேட்கிறார்கள். ஒரே சமயத்தில் எத்தனை தோட்டா வைத்திருக்கலாம், ஓராண்டில் எத்தனை வாங்கலாம் என்பது உரிமத்திலேயே எழுதப்பட்டிருக்கும்; ஒவ்வொரு கொள்முதலும் கடைப் பதிவேட்டில் ஏறும். அந்த அளவை முழுதாக நிரப்பி வைப்பதிலும் பயனில்லை. இரண்டு குழலுக்கு இரண்டு, மறுமுறைக்கு நான்கு, மீதி பயிற்சிக்கு என்று பார்த்தால் 25 கொண்ட ஒரு பெட்டி போதும். நூறு தோட்டா தேவைப்படும் சண்டையை எந்த வீட்டுக்காரரும் நடத்தப் போவதில்லை. எண்ணிக்கையைவிட அவற்றின் நிலையே முக்கியம். நம் ஊரில் தோட்டாவுக்கு இரண்டு எதிரிகள் உண்டு: சித்திரை, வைகாசியில் மேல்மச்சில் தேங்கும் வெப்பம், ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரெல்லாம் ஏறும் ஈரம். ஆகையால் மேல்மச்சிலும் அடுப்படிப் பக்கமும் வைக்காமல், கீழே உள்ள பெட்டக அறையில், மூடி இறுகப் பொருந்தும் எவர்சில்வர் டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு வைத்திருக்கிறேன். ஒவ்வோராண்டும் மழைக்கு முன் எடுத்துப் பார்த்து, பித்தளை அடியில் பச்சைக் களிம்பு ஏறியவற்றையும் கூடு உப்பியவற்றையும் தனியே பிரித்து உரிமக் கடையில் ஒப்படைத்துவிடலாம். பழைய காகிதக் கூட்டுத் தோட்டாக்கள் ஈரத்தில் உப்பிக் குழலில் சிக்கும். அவற்றை வைத்திருப்பதில் பொருளில்லை. சுட்டும் வெடிக்காத தோட்டாவை உடனே எடுத்துப் பார்க்கக் கூடாது. சில சமயம் மருந்து தாமதித்துப் பற்றும் என்பதால், குழலைப் பத்திரமான திசையில் பிடித்தபடி அரை நிமிடமாவது பொறுத்திருக்க வேண்டும்.

துப்பாக்கியைத் தோலுறையில் நெடுநாள் வைப்பது பலரும் செய்வது. தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு குழலில் துரு ஏற்றும். உறை எடுத்துச் செல்வதற்கு மட்டுமே. குழலையும் கட்டையையும் பிரித்து, மெல்லிய எண்ணெய் பூசி, சுவரோடு பதித்த இரும்பு அலமாரியில் வைக்கிறேன். தோட்டா வேறு பூட்டில் இருக்கிறது. பேரன் பேத்திகள் விடுமுறைக்கு வரும் வீட்டில் இதற்கு விலக்கே கிடையாது.

கடையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் போன ஒரு கடையில், அட்டைப் பெட்டி நிறம் மங்கிய பழைய இருப்பைப் புதிது என்று சொல்லிக் கொடுக்க முயன்றார்கள். பெட்டியில் உள்ள தயாரிப்பு ஆண்டைப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். பிறகு வாங்கிய கடையில் உரிமத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் பார்த்த பின்பே அலமாரியைத் திறந்தார்கள். “அண்ணே, வாங்காட்டியும் பரவாயில்லை, தோளில் வைத்துப் பாருங்கள்” என்று மூன்று துப்பாக்கிகளை மாற்றி மாற்றிக் கொடுத்து, என் கை நீளத்துக்குக் கட்டை பொருந்துகிறதா என்று பார்த்தார் முதலாளி. காலிக் குழலில் விசையை இழுத்தால் ஊசி பழுதாகும் என்று சொல்லி, பயிற்சிக்கான மருந்தில்லாப் போலித் தோட்டா இரண்டையும் வாங்க வைத்தார். அது தேவையான செலவுதான்.

உரிமத்துக்கு வயது 21 நிறைந்திருக்க வேண்டும்; விண்ணப்பத்தோடு ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழும் வேண்டும். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் இரண்டு துப்பாக்கிகள் மட்டுமே வைத்திருக்கலாம். பரம்பரையாக வந்தவையும் அதில் சேரும். உரிமம் ஐந்தாண்டு செல்லும். திருப்பத்தூர்ப் பக்கத்தவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்திலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள் புதிய உரிமம் வழங்க, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவின்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் இசைவு வேண்டும். பறவைகள் மிரளக் கூடாதென்று கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை என்பதை நினைத்தால், இந்த நிபந்தனையை எவரும் குறை சொல்ல மாட்டார்கள்.

நம் வீடுகளுக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. வீடு பல புள்ளிகளின் (மணமான குடும்பங்களின்) பங்காக இருக்கலாம். உரிமம் ஒருவர் பெயரில்தான் இருக்கும். பங்காளி எடுத்தாலும் குற்றம், உரிமத்தில் பெயர் சேர்க்கப்படாத காவல்காரர் எடுத்தாலும் குற்றம். ஊருக்குப் போகும்போது சாவியைக் காவல்காரரிடம் கொடுத்துவிட்டுப் போகும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அவரைச் சிறைக்கு அனுப்பும் வழி அது. தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமக் கடையிலோ ஒப்படைத்து ரசீது பெற வேண்டியிருக்கலாம். அந்த வாரங்களுக்கும் சேர்த்துத்தான் கொல்லைக் கதவுக்கு உள்தாழும், வளவில் அணையாத விளக்கும், இரண்டு நாட்டு நாய்களும் ஏற்பாடு செய்திருக்கிறேன். துப்பாக்கியைவிட இவையே அதிக நாள் வேலை செய்கின்றன.

இரவில் வீடு உடைத்து நுழைபவருக்கு எதிரான தற்காப்புரிமை உயிரைப் போக்கும் அளவுக்கும் நீளலாம் என்று இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 41-ஆம் பிரிவு சொல்கிறது. தேவைக்கு மிஞ்சிய கேடு கூடாது என்று 37-ஆம் பிரிவு அதற்கு வரம்பு கட்டுகிறது. ஓடுகிறவன் முதுகில் சுட எந்தப் பிரிவும் இடம் தரவில்லை. கல்யாணத்திலும் திருவிழாவிலும் வானத்தை நோக்கிச் சுட்டால் இரண்டாண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

உரிமதாரருக்கு எழுபது வயது நிறைந்தாலோ, துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, அவர் உயிரோடு இருக்கும்போதே சட்டப்பூர்வ வாரிசு தம் பெயரில் உரிமம் கேட்க 2016 ஆயுத விதிகள் இடம் தருகின்றன. அதைக் கருதித்தான் காரைக்குடியில் என்னோடு இருக்கும் மகளைப் பாதுகாப்புப் பயிற்சிக்கு அனுப்பியிருக்கிறேன். கட்டை அவள் தோளுக்குச் சற்று நீளம். அவள் பெயருக்கு உரிமம் வந்த பின் மெக்கானிக்கிடம் கொடுத்து அளவு குறைத்துக்கொள்ளலாம் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார்.