மாருதி 800 இன்ஜினுக்கு எந்த கேஸ்கட் செட்? பெட்டிக்குள் இருப்பதைப் பிரித்துப் பார்த்தால்

மாருதி 800, ஆம்னி வண்டிகளின் 796 சிசி இன்ஜினைப் பிரிக்கப் போகிறவர்களுக்கு சென்னை ஜி.பி. ரோடு போன்ற ஸ்பேர் மார்க்கெட்டில் மூன்று தினுசு கேஸ்கட் செட் (இன்ஜின் பாகங்கள் சேரும் இடங்களில் கசிவைத் தடுக்கும் பேக்கிங்குகளின் தொகுப்பு) கிடைக்கும். முதலாவது, மாருதி முத்திரையோடு வரும் கம்பெனி சாமான். இரண்டாவது, டால்ப்ராஸ் போல கேஸ்கட் செய்வதையே தொழிலாக வைத்திருக்கும் பிராண்டுகளின் செட். மூன்றாவது, மெல்லிய பிளாஸ்டிக் கவரில் பேர் ஊர் இல்லாமல் தொங்கும் செட்.

இதில் எது நல்லது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கேள்வியிலேயே கொஞ்சம் பிசகு இருக்கிறது. ஒரே பெட்டிக்குள் இருக்கும் எல்லாச் சாமானும் ஒரே தரத்தில் இருப்பதில்லை. தாள் பேக்கிங்கைப் பொறுத்தவரை மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. ரப்பருக்கு வந்தால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அதனால் செட்டுக்கு மார்க் போடாமல், அதிலுள்ள ஒவ்வொரு துண்டுக்கும் மார்க் போடுவதுதான் சரி.

கடைக்குப் போகும் முன் பிளாக்கில் அடித்திருக்கும் இன்ஜின் நம்பரைப் பார்த்துக்கொள்ளுங்கள். எஃப்8பி என்று ஆரம்பித்தால் சிலிண்டருக்கு இரண்டு வால்வ், மொத்தம் 6. எஃப்8டி என்றால் சிலிண்டருக்கு நான்கு, மொத்தம் 12. இரண்டும் 796 சிசிதான், போரும் (சிலிண்டரின் உள் விட்டம்) ஒன்றுதான், ஆனால் பிளாக்கின் மேல் மூடும் ஹெட் வேறு. 'மாருதி 800 செட் கொடுங்க' என்று மட்டும் கேட்டால் கடைக்காரர் கையில் அகப்படுவதைக் கொடுப்பார். கார்ப்பரேட்டரா எம்.பி.எஃப்.ஐ-யா (இன்ஜெக்டரால் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை) என்பதையும் சொல்ல வேண்டும். இன்லெட் பக்கத்து பேக்கிங் மாறும்.

இனி ஹெட் கேஸ்கட். இந்த இன்ஜினுக்குக் கடைகளில் அதிகம் இருப்பது கம்போசிட் வகை: நடுவில் தகடு, இரு பக்கமும் நார் அல்லது கிராஃபைட், சிலிண்டர் ஓட்டையைச் சுற்றி மடித்த ஸ்டீல் வளையம். அந்த வளையத்தைத்தான் ஃபயர் ரிங் என்கிறோம். கேஸ்கட்டைக் கையில் வாங்கியதும் அதன்மேல் விரலை ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். நல்ல சாமானில் மடிப்பு சீராக ஓடும். மட்டமானதில் ஓரிடத்தில் மேடு தட்டும், ஓரிடத்தில் வழுக்கும். வழுக்கும் இடத்தில்தான் பின்னால் கம்ப்ரஷன் பிய்த்துக்கொண்டு போகும். அதுவும் பெரும்பாலும் இரண்டு சிலிண்டருக்கு நடுவே உள்ள குறுகலான பாலத்தில்.

அடுத்தது வளையத்தின் உள் அளவு. ஸ்டாண்டர்டு போர் 68.5 மி.மீ. 0.50 ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டால் போர் 69 ஆகிவிடும். போர் அடித்து வந்த பிளாக்கின் மேல் கேஸ்கட்டை வைத்து, மேலிருந்து மூன்று ஓட்டையையும் பாருங்கள். ஃபயர் ரிங்கின் விளிம்பு எந்த இடத்திலும் சிலிண்டருக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது. நூலளவு நீட்டிக்கொண்டிருந்தாலும் அது பழுக்கக் காய்ந்து, பிளக் பொறி விடுவதற்கு முன்பே பெட்ரோலைப் பற்றவைக்கும். போர் வேலை முடிவதற்கு முன்பே செட் வாங்கி வைப்பது அதனால்தான் வீண் அவசரம்.

கூலன்ட் ஓட்டைகளைப் பார்த்துப் பலர் குழம்புகிறார்கள். பிளாக்கில் பெரிதாக இருக்கும் சில ஓட்டைகள் கேஸ்கட்டில் சிறிதாக இருக்கும். அது வெட்டும்போது நேர்ந்த தவறு இல்லை. தண்ணீர் எந்தச் சிலிண்டர் பக்கம் எவ்வளவு ஏற வேண்டும் என்பதை அந்த ஓட்டைதான் அளந்து விடுகிறது. பஞ்ச் வைத்துப் பெரிதாக்கினால் தண்ணீர் கிட்டத்து வழியிலேயே சுற்றிவிட்டுத் திரும்பும், தூரத்துச் சிலிண்டர் காயும். ராக்கருக்கு ஆயில் ஏறும் ஓட்டை மட்டும் முழுசாகத் திறந்திருக்க வேண்டும். அதைப் பழைய கேஸ்கட்டோடு ஒப்பிட்டே ஆக வேண்டும். 'டாப்' என்ற எழுத்து மேலே, கிராங்க் புல்லி பக்கமாக வர வேண்டும்.

புது வண்டிகளில் பழகியவர்கள் இதற்கும் எம்.எல்.எஸ், அதாவது பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கட் தேடுகிறார்கள். பழைய பிளாக்குக்கு அது தோதுப்படாது. எம்.எல்.எஸ் சரியாக உட்கார இரு முகமும் சுமார் 0.8 மைக்ரான் அளவுக்கு வழவழப்பாக இருக்க வேண்டும். ஹெட்டை மட்டும் ஃபேஸ் அடித்துவிட்டு (முகத்தைச் சமமாகக் கடைந்துவிட்டு), முப்பது வருஷத்துப் பிளாக்கை அப்படியே விட்டால், அரித்த குழிகள் வழியே தண்ணீர் கசியும். சின்னச் சின்னக் குறைகளை நிரப்பிக்கொள்ளும் குணம் கம்போசிட்டுக்குத்தான் உண்டு. பிளாக்கையும் ஃபேஸ் அடிப்பதாக இருந்தால் எம்.எல்.எஸ் பற்றி யோசிக்கலாம்.

எந்த கேஸ்கட் ஆனாலும் வளைந்த ஹெட்டைக் காப்பாற்றாது. ஸ்ட்ரெய்ட் எட்ஜை நீளவாட்டிலும் குறுக்கிலும் மூலைக்கு மூலையும் வைத்துப் பாருங்கள், 0.05 மி.மீ ஃபீலர் தகடு நுழைந்தால் லேத்துக்கு அனுப்ப வேண்டியதுதான். இந்த இன்ஜினில் ஹெட் அலுமினியம், பிளாக் வார்ப்பிரும்பு. சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு நீளும். 300 மி.மீ நீளத்தில் 80 டிகிரி ஏறினால் இரண்டுக்கும் இடையே கால் மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். ஒவ்வொரு முறை வண்டியை எடுக்கும்போதும் நிறுத்தும்போதும் கேஸ்கட் அந்த இழுபறிக்கு நடுவில் இருக்கிறது. மட்ட கேஸ்கட் முதல் மாதம் நன்றாக இருந்துவிட்டு ஆறாம் மாதம் போவதற்கு இதுவே காரணம்.

ஹெட் கேஸ்கட்டுக்கு ஷெல்லாக், கிரீஸ், சில்வர் பெயின்ட் எதுவும் வேண்டாம். உலர்ந்தபடியே போடுங்கள். போல்ட் ஓட்டைக்குள் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். அடியில் நீர் நின்றால் போல்ட் அதன்மேல் முட்டி, டார்க் ரெஞ்ச் 'டக்' என்று பொய் சொல்லும். சில நேரம் பிளாக்கிலேயே விரிசல் விழும். டைட் வைப்பது நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, குறைந்தது மூன்று சுற்றில். பெட்டியில் ரீ-டார்க் செய்ய (மறுபடி டைட் வைக்க) சொல்லியிருந்தால் இன்ஜின் ஒருமுறை சூடாகி முழுசாக ஆறிய பிறகு செய்து, அதன் பின் டேப்பட் கிளியரன்ஸ் (வால்வ் இடைவெளி) வையுங்கள். வரிசையை மாற்றினால் கிளியரன்ஸ் மறுபடியும் மாறிவிடும்.

ஹெட் கேஸ்கட்டுக்குத் தீர்ப்பு: கம்பெனி அல்லது நல்ல பிராண்ட், எதுவானாலும் சரி. பேர் இல்லாத கவர் செட் வேண்டாம்.

அடுத்து ரப்பர். 'ஃபுல் செட்' என்று எழுதியிருந்தாலும் பல பெட்டிகளில் ஆயில் சீல் (சுழலும் தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையம்) இருக்காது; இருந்தாலும் பெட்டியிலேயே மட்டமான சாமான் அதுவாகத்தான் இருக்கும். இந்த இன்ஜினுக்கு மூன்று முக்கியம். கிராங்க் முன் சீல் ஆயில் பம்ப் கேஸில் உட்காருகிறது, ரியர் மெயின் சீல் ஃப்ளைவீல் பக்க ஹவுசிங்கில், கேம் சீல் ஹெட்டின் முன்பக்கம். கறுப்பு நைட்ரைல் ரப்பர் தொடர்ந்து 100 டிகிரிக்கு மேல் வெந்தால் நாளடைவில் கல்லாகிவிடும். பாலிஅக்ரிலேட் 150 வரை தாங்கும். விட்டான் 200 வரை. நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். பழுப்பு நிறத்தில் நைட்ரைலும் வரும், கறுப்பில் விட்டானும் வரும். சீலின் முகத்தில் மேக்கர் பெயரும் உள் விட்டம், வெளி விட்டம், தடிமன் என்ற மூன்று அளவும் அச்சாகியிருக்க வேண்டும். எதுவுமே இல்லாத சீலைக் கீழே வைத்துவிடுங்கள். என்.ஓ.கே, கார்டெகோ போன்ற சீல் கம்பெனிகளின் சாமான் கிடைத்தால் தனியாக வாங்குவதே மேல்.

ரியர் மெயின் சீலில் மிச்சம் பிடிப்பது போன்ற அசட்டுத்தனம் வேறில்லை. சீல் விலை அற்பம். கசிந்தால் கியர்பாக்ஸை மறுபடி இறக்க வேண்டும். சீலை உட்கார வைக்கும் முன் கிராங்க்கில் பழைய லிப் (சீலின் உள் விளிம்பு) ஓடிய இடத்தை நகத்தால் தடவுங்கள். நகம் மாட்டும் அளவுக்குக் குழி இருந்தால், புது சீலை ஒரு மில்லிமீட்டர் உள்ளே அல்லது வெளியே தள்ளி, லிப் புது இடத்தில் ஓடும்படி வையுங்கள். லிப்பில் இன்ஜின் ஆயில் தடவாமல் போட்டால் முதல் ஸ்டார்ட்டிலேயே காய்ந்து தேயும். வேறு இன்ஜின்களில் வரும் டெஃப்ளான் லிப் சீலுக்கு மட்டும் இது தலைகீழ்: அதை உலர்ந்தபடிதான் போட வேண்டும்.

ரப்பருக்கு வயசும் உண்டு. முறையாகச் சேமித்தால் நைட்ரைல், பாலிஅக்ரிலேட் வகைகளுக்கு 7 ஆண்டு, விட்டான், சிலிக்கோனுக்கு 10 ஆண்டு என்பது பொதுவாக ஒப்புக்கொண்ட கணக்கு. 800 உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. 'பழைய ஒரிஜினல் ஸ்டாக் சார்' என்று பெருமையாக எடுத்துத் தரும் சீலின் கவரில் அச்சிட்ட தேதியைப் பாருங்கள். லிப்பை மெல்ல மடக்கினால் மயிரிழை வெடிப்பு தெரிகிறதா என்றும் பாருங்கள். தெரிந்தால் கம்பெனி முத்திரை இருந்தும் பயனில்லை.

வால்வ் சீல் எஃப்8பிக்கு 6. இதில் விட்டான் என்று எழுதியதையே கேளுங்கள். மலை இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கி, மறுபடி மிதிக்கும்போது நீலப் புகை வந்தால் வால்வ் சீல் போயிருக்கிறது என்று அர்த்தம். ஆனால் வால்வை கைடில் (வால்வ் தண்டு ஓடும் குழாய்) பாதி இறக்கிப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆட்டம் தெரியுமானால், முதலில் கைடு. தேய்ந்த கைடில் எந்தச் சீல் போட்டாலும் சில மாதத்தில் ஓவலாகி ஆயிலை விடும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. கார்ப்பரேட்டர் மாடலில் டிஸ்ட்ரிபியூட்டர் ஹெட்டின் ஃப்ளைவீல் பக்க முனையில் இருக்கிறது. அதன் கேஸ் பேக்கிங்கோ ஓ-ரிங்கோ கசிந்தால் ஆயில் வழிந்து பெல் ஹவுசிங்கின் அடியில் சொட்டும். பார்க்கிறவர் ரியர் மெயின் சீல் என்று முடிவு கட்டிக் கியர்பாக்ஸை இறக்குவார். அந்தச் சின்னப் பேக்கிங் சில செட்டுகளில் இருப்பதே இல்லை.

டேப்பட் கவர் பேக்கிங் ரப்பர்தான் நல்லது. சம்ப் (அடியிலுள்ள ஆயில் தொட்டி) பேக்கிங் கார்க் என்றால், பிதுங்கும்வரை முறுக்கக் கூடாது. அப்படி முறுக்கிய சம்ப்பில் போல்ட் ஓட்டையைச் சுற்றித் தகடு குழிந்திருக்கும். அதைச் சமமான கட்டையில் வைத்துத் தட்டி நேராக்காமல் புதுப் பேக்கிங் போடுவது வீண். வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், சீல் ஹவுசிங் தாள்களுக்கு எந்தச் செட்டும் போதும். இன்லெட் மேனிஃபோல்டு வழியாகவும் கூலன்ட் ஓடுவதால் அங்கே மட்டும் நல்ல தாள் போடுங்கள். கார்ப்பரேட்டர் பேக்கிங், பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம் இரண்டும் 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்குத் தாங்கும் என்று எழுதியதாக இருக்கட்டும். பழைய ரப்பர் அதில் ஊறி உப்பும்.

சிலிக்கோன் பேஸ்ட் போட வேண்டிய இடம் இரண்டு மூலைதான்: சம்ப்போடு ஆயில் பம்ப் கேஸும், சம்ப்போடு பின் சீல் ஹவுசிங்கும் சேரும் முனைகள். இரண்டு மி.மீ கோடு போதும். மிச்சம் உள்ளே பிதுங்கி, அறுந்து, ஆயில் ஸ்ட்ரெயினரில் போய் அடைக்கும். அலுமினிய முகத்தை எமரி டிஸ்க்கால் தேய்ப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை: அந்தத் தூள் பேரிங்கைத் தின்றுவிடும். பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் சுரண்டுங்கள். பழைய கேஸ்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்பதால் நனைத்த பிறகே சுரண்ட வேண்டும், காற்றடிக்கக் கூடாது.

இவ்வளவும் புதிதாகப் போட்டும் எல்லாப் பக்கமும் ஆயில் கசிந்தால் சீலைத் திட்டாமல் பிரீதர் ஹோஸை, அதாவது இன்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் குழாயைக் கழற்றிப் பாருங்கள். அது அடைத்திருந்தால் உள் அழுத்தம் நல்ல சீலையும் தள்ளிக்கொண்டு வரும்.

ஆகவே கையில் எடுத்துப்போக வேண்டிய பட்டியல் இது: பிராண்ட் செட் ஒன்று, தனியாக மூன்று ஆயில் சீல், தனியாக விட்டான் வால்வ் சீல். முழுக் கம்பெனி செட்டைவிட விலை பெரும்பாலும் அதிகம் வராது. பழைய ஹெட் கேஸ்கட்டையும் சீல்களையும் துடைத்து ஒரு பையில் கொண்டுபோய், கடை மேஜையிலேயே ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்துவிடுங்கள். கவரைக் கிழித்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு பெரும்பாலான கடைகளில் திருப்பி எடுக்க மாட்டார்கள்.