குவானஹுவாத்தோ போகிறவர்கள் கவனத்துக்கு: நடந்து ஊர் பார்க்கப் போய் 4,800 பெசோ பறிகொடுத்த கதை

கோபத்தில்தான் எழுதுகிறேன், அதனால் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன சனிக்கிழமை நடந்தது. இன்று செவ்வாய். இந்த நான்கு நாளில் அந்த ஆளுக்கு நான் அனுப்பிய மெசேஜ் முப்பதுக்கு மேல், வந்த பதில் ஐந்து, திரும்பி வந்த பணம் பூஜ்யம். போன பணம் 4,800 பெசோ. நம்ம ஊர்க் கணக்கில் இருபதாயிரம் ரூபாய்க்கு மேல். மெக்சிகோவில் இருக்கும் நம்மாட்களும், அமெரிக்க விசாவை வைத்துக்கொண்டு இங்கே சுற்றிப் பார்க்க வருகிறவர்களும் படித்து வையுங்கள். என்னென்ன சரிபார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

நான் கெரெத்தாரோவில் வேலை பார்க்கிறேன், வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அம்மா திருச்செங்கோட்டிலிருந்து ஆறு வாரம் இருந்துவிட்டுப் போக வந்திருக்கிறார். இங்கிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் குவானஹுவாத்தோ. மலைச்சரிவு முழுக்க மஞ்சளும் சிவப்பும் ஊதாவுமாக வீடுகள், வீடுகளுக்கு நடுவே கைப்பிடிச் சுவரோடு ஏறி இறங்கும் சந்துகள், வண்டி போகும் ரோட்டில் பாதி பூமிக்கு அடியில். வெள்ளிச் சுரங்கக் காசில் எழுந்த ஊர், 1988லேயே யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்துவிட்டது. காரை நிறுத்திவிட்டு நடந்தால்தான் அந்த ஊரைப் பார்த்ததாகவே அர்த்தம். சிக்கல் அங்கேதான். அம்மாவுக்கு மூட்டு வலி. ஒரு காலத்தில் திருச்செங்கோட்டு மலையின் ஆயிரத்து இருநூறு படியை மூச்சு வாங்காமல் ஏறியவர், இப்போது வீட்டு வாசல்படிக்கே கைபிடிக்க ஆள் வேண்டும். எந்தச் சந்தில் படி குறைவு, எங்கே உட்கார இடம் இருக்கிறது என்று தெரிந்த உள்ளூர் ஆள் ஒருவர் கூட வந்தால் நல்லது என்று நினைத்தேன். அந்த நினைப்பில் தப்பில்லை என்று இப்போதும் சொல்வேன்.

ஊர் சுற்றிக் காட்டும் கைடுகளைப் பிடித்துத் தரும் ஆப் ஒன்றில் தேடினேன். பெயர் வேண்டாம், எல்லாருடைய போனிலும் அந்த மாதிரி ஒன்று இருக்கும். மூன்று மணி நேரம், ஆங்கிலத்தில் விளக்கம், தியேட்டர் நுழைவுச் சீட்டு, மலை உச்சிக்குப் போகும் விஞ்ச், ராத்திரி பாட்டுக் கோஷ்டியோடு சந்து சந்தாக நடப்பது, எல்லாம் சேர்த்து எங்கள் நாலு பேருக்கு 6,400 காட்டியது. ஒன்பது வயதுப் பெண்ணுக்கும் முழுக் காசு. சந்தேகம் கேட்கலாமே என்று அந்த ஆளுக்கு எழுதினேன். பத்து நிமிஷத்தில் என் நம்பரைக் கேட்டு வாங்கி வாட்ஸ்அப்பில் வந்துவிட்டான்.

முதலில் வந்தது "நமஸ்தே" என்று தொடங்கி ஒரு வாய்ஸ் நோட். அடுத்து அம்மாவைப் பற்றிக் கேட்டான். எந்த முட்டி, வலதா இடதா? ஏறும்போது வலிக்குமா, இறங்கும்போதா? ஊன்றுகோல் வைத்திருக்கிறாரா? என் அம்மாவுக்கும் இதே வலிதான், பல்கலைக்கழகத்து முன்னால் இருக்கும் பெரிய படிக்கட்டுப் பக்கமே போக வேண்டாம், நான் வேறு வழியில் கூட்டிப் போகிறேன், கையோடு ஒரு மடக்கு நாற்காலி கொண்டு வருகிறேன் என்றான். நான் ஸ்பீக்கரில் போட்டு அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். "பாரு கண்ணு, எந்த ஊர்ப் புள்ளையோ, எப்படி விசாரிக்குது" என்று அம்மாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. விழுந்தது அந்த இடத்தில்தான். பணம் போனதைவிட, அந்த மூட்டு வலியைக் கேட்டுத் தூண்டிலில் மாட்டினான் பாருங்கள், அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

அப்புறம் விஷயத்துக்கு வந்தான். ஆப் நாலில் ஒரு பங்கை விழுங்கிவிடும், நேராக எனக்கே கொடுத்தால் தலைக்கு 1,200, மொத்தம் 4,800தான் என்றான். என் பேராசையும் இதில் உண்டு, மறைக்கவில்லை. 2,400 அட்வான்ஸ் அனுப்பினேன். கணக்கில் வேறு பெயர் வந்தது, கேட்டதற்கு "அக்கா கணக்கு" என்றான். வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு, தியேட்டர் டிக்கெட்டை இன்றே எடுக்காவிட்டால் கிடைக்காது, மீதியையும் போடுங்கள் என்று வந்தது. "என்னங்க, நாளைக்குப் பார்த்துட்டுக் கொடுக்கலாமே" என்று மனைவி சொன்னாள். நான் கேட்கவில்லை. இன்னொரு 2,400. இங்கே வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பினால் நொடியில் போய்ச் சேர்ந்துவிடும், போனது போனதுதான். கைடு அட்டையின் படம் ஒன்றும் அனுப்பியிருந்தான். இப்போது பெரிதாக்கிப் பார்க்கிறேன், தேதி இருக்க வேண்டிய மூலையில் அவன் கட்டைவிரல் இருக்கிறது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஹுவாரெஸ் தியேட்டர் படிக்கட்டில் நின்றோம். பதினொன்றுக்கு வந்தவன் அவன் இல்லை, இருபது வயதுகூட இருக்காத ஒரு பையன். "மாமாவுக்கு உடம்பு சரியில்லை" என்றான். மடக்கு நாற்காலி இல்லை. ஆங்கிலமும் இல்லை, என் அரைகுறை ஸ்பானிஷில்தான் சமாளித்தோம். நான் எதைக் கேட்டாலும் "சீ, சீ, அமிகோ" என்றே சொல்லிக்கொண்டிருந்தான். "ஏன் கண்ணு, உன்னைய எதுக்கு அந்தப் பையன் சீ சீங்கறான்?" என்று அம்மா கேட்டார். ஆமாம் என்று அர்த்தம்மா என்றேன். சாயங்காலத்துக்குள் அம்மா புரிந்துகொண்ட அர்த்தமே சரி என்று ஆகிவிட்டது.

தியேட்டர் உச்சியில் நிற்கும் சிலைகளை என் பெண் எண்ணி எட்டு என்றாள். அவை கிரேக்கக் கலைத் தேவதைகள், மொத்தம் ஒன்பது என்று பள்ளியில் படித்திருக்கிறாள் போல, ஒன்பதாவது எங்கே என்று கேட்டாள். பையன் தோளைக் குலுக்கினான். இது எப்போது கட்டியது என்றேன், நானூறு வருடம் என்றான். 1903ல் திறந்தது, அப்போதைய அதிபர் போர்ஃபிரியோ தியாஸ் வந்து திறந்து வைத்தார், எனக்கே தெரியும். உள்ளே போகலாமா என்றால் "இன்று ஒத்திகை".

அடுத்து அல்ஹோந்திகா. தானியம் சேர்த்து வைக்கக் கட்டிய கோட்டை மாதிரியான கட்டடம். 1810 செப்டம்பர் 28ல், மெக்சிகோ விடுதலைப் போரைத் தொடங்கிய பாதிரியார் இதாள்கோவின் படை வந்தபோது ஸ்பானியர்கள் சொத்தோடு உள்ளே போய்க் கதவடைத்துக்கொண்டார்கள். பீப்பிலா என்ற சுரங்கத் தொழிலாளி முதுகில் கல் பலகையைக் கட்டிக்கொண்டு, குண்டு மழையில் தவழ்ந்து போய்க் கதவுக்குத் தீ வைத்தான் என்பது கதை. அடுத்த வருடம் ஸ்பானியர் கை ஓங்கியதும் இதாள்கோ, அயேந்தே, அல்தாமா, ஹிமேனெஸ் என்ற கிளர்ச்சித் தலைவர்கள் நால்வரின் தலைகளையும் கூண்டில் போட்டு நாலு மூலையிலும் தொங்கவிட்டார்கள், 1821 வரை அங்கேயே இருந்தன. மூலைக்கு ஒரு பெயர் இன்னமும் இருக்கிறது. இத்தனையும் நான் முன்பே படித்து வைத்திருந்தது. பையன் சொன்னது ஒரே வரி: "பழைய ஜெயில்." பிற்காலத்தில் ஜெயிலாகவும் இருந்ததால் பொய் என்றும் சொல்ல முடியாது. சொல்லிவிட்டுப் போனில் பேசப் போய்விட்டான்.

ஆனால் கடைகளில் அவனுக்கு அவசரமே இல்லை. வெள்ளி நகைக் கடையில் நாற்பது நிமிஷம். அந்த ஊர் மம்மி அருங்காட்சியகம் பேர் போனதாயிற்றே, அதை வைத்து சாரமுஸ்கா என்று முறுக்கிய சர்க்கரை மிட்டாயை மம்மி உருவத்தில் செய்து விற்கிறார்கள், அந்தக் கடையில் இன்னொரு இருபது நிமிஷம். "ஊரைக் காட்டறானா, கடையக் காட்டறானா?" என்றார் அம்மா. முத்தச் சந்துக்கு மட்டும் ஒழுங்காகக் கூட்டிப் போனான். எதிரெதிர் பால்கனிக்கு நடுவே 68 சென்டிமீட்டர்தான், மூன்றாவது படியில் நின்று முத்தம் கொடுத்தால் ஏழு வருடம் அதிர்ஷ்டம், கொடுக்காமல் போனால் ஏழு வருடம் கஷ்டம் என்பார்கள். "அத்தை நிக்கறாங்க, பேசாம வாங்க" என்று மனைவி இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். கஷ்டம் அரை மணி நேரத்திலேயே ஆரம்பித்துவிட்டது.

பீப்பிலா சிலை இருக்கும் மலை உச்சிக்குத் தியேட்டர் பின்னாலிருந்து பழனி விஞ்ச் மாதிரி ஒன்று போகிறது. அது ரிப்பேர், டாக்சியில் போகலாம் என்று சொல்லி, படி இறக்கி எங்களைச் சுரங்கச் சாலைக்குக் கூட்டிப் போனான். ஒரு காலத்தில் ஆறு ஓடிய பாதை அது, இப்போது மேலே கல் வளைவு, கீழே பஸ்ஸும் காரும். நடுவில் பஸ் நிறுத்தமும் உண்டு. அம்மாவைக் கல் திண்டில் உட்கார வைத்துவிட்டு "அவோரித்தா" என்று கிளம்பினான். அகராதிப்படி இப்போதே என்று அர்த்தம். இந்த நாட்டில் அது ஐந்து நிமிஷமாகவும் இருக்கலாம், அடுத்த பிறவியாகவும் இருக்கலாம். போனில் சிக்னல் இல்லை. புகை, ஹாரன் எதிரொலி, என் பெண் காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். ஐம்பது நிமிஷம். பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெரியம்மா விசாரித்துவிட்டு, பையிலிருந்து ஆரஞ்சு ஒன்றை எடுத்து அம்மா கையில் வைத்து, மேலே போங்கள், யாரும் வர மாட்டார்கள் என்றார். இறங்கிய படி முழுவதையும் அம்மா ஒவ்வொன்றாக, இரண்டு காலையும் ஒரே படியில் வைத்து வைத்து ஏறினார். மேலே வந்து நிமிர்ந்தால் விஞ்ச் ஜம்மென்று மலை ஏறிக்கொண்டிருக்கிறது! ரிப்பேராம்.

ராத்திரி பாட்டு நடைக்காவது போகலாம் என்று, அவன் அனுப்பியிருந்த சீட்டைக் காட்டினேன். கறுப்பு உடையும் மேலங்கியுமாக கிட்டாரோடு நின்றவர்களில் ஒருவர் போனை வாங்கிப் பார்த்து, பக்கத்தில் இருந்தவரிடம் காட்டி, "இது எங்களுடையது இல்லை" என்று பரிதாபமாகத் திருப்பிக் கொடுத்தார். 4,800 கொடுத்துவிட்டு ஹார்தின் தே லா உனியோன் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து, சந்துக்குள் போகும் பாட்டைத் தூரத்திலிருந்து கேட்டோம்.

அதற்கப்புறம் வந்த பதில்களைக் கேளுங்கள். முதல் நாள்: மருமகனிடம் பேசுகிறேன். ஞாயிறு: வங்கி லீவு. திங்கள் காலை: கணினி வேலை செய்யவில்லை, அவோரித்தா. திங்கள் மதியம்: பாதிதான் தர முடியும், பையன் வந்தானே. திங்கள் ராத்திரி ஒரு கட்டைவிரல் படம். அதே கட்டைவிரல்! இன்று காலையிலிருந்து அவன் படமே தெரியவில்லை, தடுத்துவிட்டான். ஆப்காரர்களிடம் போனால், எங்கள் பதிவில் உங்கள் பெயரில் எந்த புக்கிங்கும் இல்லை, ஒன்றும் செய்ய இயலாது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்கிறார்கள். இந்த ஆளை அந்தப் பட்டியலில் உட்கார வைத்தது யார்? ப்ரொஃபெக்கோவில் நுகர்வோர் புகார் கொடுக்கலாம் என்று நண்பர் சொல்கிறார். கொடுக்கத்தான் போகிறேன், ஆனால் கையில் பில் என்று ஒரு காகிதம்கூட இல்லை. அக்கா பெயரில் 2,400, 2,400 என்று இரண்டு வரிதான் இருக்கிறது.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது பொறுமை இல்லை. ஆப்பை விட்டு வெளியே பணம் அனுப்பாதீர்கள், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் சரி. அங்கீகாரம் பெற்ற கைடுகளுக்கு மத்திய சுற்றுலாத் துறை அட்டை உண்டு, படத்தையும் தேதியையும் முழுசாகப் பாருங்கள், நேரில் வருகிறவன் அதே ஆளா என்றும் பாருங்கள். கணக்குப் பெயர் வேறாக இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். முன்பணம் கொஞ்சம், மீதி நடந்து முடித்த பிறகு. விஞ்ச் டிக்கெட்டெல்லாம் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம், ஆளுக்குச் சில பத்து பெசோதான், அன்றைக்கு நாங்கள் அப்படித்தான் போனோம். வயதானவர்களைக் கூட்டிப் போனால் சுரங்கப் பாதையில் இறங்காதீர்கள்.

இன்னும் இருக்கிறது, அம்மா முட்டிக்கு ஒத்தடம் கொடுக்க வெந்நீர் கேட்கிறார்.